வேலூர்க் கோட்டையில் படவேட்டை: மாணவர் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் படிக்கிற பிள்ளைகளில் பலர் கோட்டை மதிலைத் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். உள்ளேயும் போயிருப்பார்கள். அகழியோரம் ஒரு செல்ஃபி, கோயிலில் ஒரு கும்பிடு, வெளியே வந்தால் ஐஸ்கிரீம். ஆனால் "1806இல் இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "சிப்பாய்ப் புரட்சி சார்" என்று பதில் வரும், அதற்கு மேல் வராது. எந்த மதில், எந்த வாசல், யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது. பாடத்தையும் கல்லையும் சேர்த்து வைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி படவேட்டை.

விளையாட்டு எளிது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துப்புத் தாள் கொடுக்கிறோம். துப்பைப் படித்து, இடத்தையோ சிற்பத்தையோ கல்வெட்டையோ கண்டுபிடித்து, குழுவாக நின்று படம் எடுத்து, படத்தோடு இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். பள்ளி, கல்லூரி, என்.எஸ்.எஸ்., சாரணர் என்று யாருக்கும் பொருந்தும். எல்லாவற்றையும்விட துப்புதான் முக்கியம். ஒரு துப்பு பிள்ளைகளைக் கல்லின் முன்னால் இரண்டு நிமிடம் சும்மா நிற்க வைத்துவிட்டால் அது நல்ல துப்பு. ஓடிப்போய் ஒரு கிளிக், திரும்பி ஓட்டம் என்று முடிந்தால் அந்தத் துப்பை மாற்றி எழுத வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான்.

படி 1: எல்லையை முடிவு செய்யுங்கள்

ஊர் முழுவதையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். கோட்டை மட்டுமே 133 ஏக்கர். வேலூரை மூன்று வட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வட்டம் கோட்டைக்கு உள்ளே: மதில், அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், தூய யோவான் தேவாலயம், மசூதி, மஹால்கள், அருங்காட்சியகம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இது போதும், அரை நாளில் முடியும்.

இரண்டாம் வட்டம் கோட்டையைச் சுற்றியுள்ள கடைத்தெரு: மக்கான் சந்திப்பில் உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண், லாங் பஜாரின் மணிக்கூண்டு, நேதாஜி மார்க்கெட். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சேர்க்கலாம். போக்குவரத்து நெரிசல் அதிகம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மூன்றாம் வட்டம் இன்னும் வெளியே: பாலாற்றங்கரையில் கண்டி அரசரின் முத்துமண்டபம், கோட்டைக்குக் கிழக்கே திப்பு குடும்பத்தாரின் கல்லறைகள். இது கல்லூரி மாணவர்களுக்கு, முழு நாள் கிடைத்தால் மட்டும். ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்துப் பள்ளி என்றால் இதே முறையில் ஆற்காடு டெல்லி கேட்டை மையமாக வைத்துத் தனியாக ஒரு வேட்டை நடத்தலாம். 1751 ஆற்காட்டு முற்றுகை அந்த வேட்டைக்குக் கதையாக அமையும்.

படி 2: நாளும் நேரமும்

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். கருங்கல் மதில் சூடேறிவிட்டால் மேலே நிற்கவே முடியாது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் வெளி வேலைகளை முடித்துவிட வேண்டும். காலை வெளிச்சத்தில் சிற்பங்களின் நிழல் ஆழமாக விழும், படமும் நன்றாக வரும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஜூலை 10 புரட்சி நினைவு நாள். அன்றே நடத்தலாமே என்று தோன்றும். நினைவுத்தூணில் மாலை அணிவிக்க அதிகாரிகளும் கட்சியினரும் வருவார்கள், கூட்டம் இருக்கும். அந்த வாரத்தின் வேறு நாளில் வைத்துக்கொள்வது உத்தமம். தமிழக அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் கணக்கில் எடுங்கள். பிரதோஷம், சிவராத்திரி நாட்களில் கோயில் பக்கம் நகர முடியாது.

படி 3: நீங்கள் முதலில் நடந்து பாருங்கள்

துப்பு எழுதும் முன், நடத்தப்போகும் அதே நேரத்தில், அதே வழியில், ஒரு நோட்டோடு நடந்துவிட்டு வாருங்கள். இணையத்தில் பார்த்து எழுதிய துப்பு பாதியில் காலை வாரிவிடும். பராமரிப்பு வேலைக்காக ஒரு பகுதியை அடைத்திருக்கலாம். பெயர்ப்பலகையை மாற்றியிருக்கலாம். மஹால்களில் சிலவற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை, வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். மதில் மேல் எந்த இடம்வரை போகலாம், எங்கே கைப்பிடிச் சுவர் தாழ்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

நோட்டில் குறிக்க வேண்டியவை: கழிப்பறை, குடிதண்ணீர், ஐம்பது பேர் உட்காரக்கூடிய நிழல், ஆட்டோ உள்ளே வரக்கூடிய இடம், செல்போன் சிக்னல் கிடைக்காத மூலை. இந்த ஐந்தும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

படி 4: அனுமதி

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து இரண்டும் வழக்கமானவை. பெற்றோர் படிவத்தில் "என் பிள்ளை படம் பள்ளிக் கண்காட்சியில் வைக்கப்படலாம்" என்று ஒரு வரியும், "சமூக ஊடகத்தில் போட மாட்டோம்" என்று இன்னொரு வரியும் சேருங்கள்.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கையில் பிடித்துச் செல்போனில் எடுப்பதற்குத் தடையில்லை. முக்காலி வைத்து எடுக்கத் தனி அனுமதி வேண்டும், ட்ரோன் கூடவே கூடாது. ஒரு பெரிய கூட்டம் வரப்போகிறது என்று அங்குள்ள துறை ஊழியர்களிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், அன்று காவலர்கள் பிள்ளைகளை விரட்ட மாட்டார்கள், வழிகூடச் சொல்வார்கள். கோயில் நிர்வாகத்திடம் நேரில் போய்ப் பேசுங்கள். எதுவரை படமெடுக்கலாம் என்று அவர்களே கோடு போட்டுக் காட்டுவார்கள். கருவறைப் பக்கம் செல்போனை எடுக்கவே கூடாது. தேவாலயத்தில் ஆராதனை நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: குழு பிரித்தல்

ஒரு குழுவுக்கு ஐந்து பேர். ஆறானால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார், நான்கானால் வேலை அதிகம். பிள்ளைகளையே பிரித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அதே பெஞ்சு நண்பர்கள் ஒன்றாகச் சேருவார்கள், யாரும் கூப்பிடாத ஒரு பிள்ளை ஓரமாக நிற்கும். நீங்களே கலந்து போடுங்கள். குழுப் பெயருக்கு ஊரிலிருந்தே எடுக்கலாம்: பாலாறு, அகழி, யாளி, மணிக்கூண்டு, கொத்தளம். எண்ணைவிடப் பெயர் பிள்ளைகளுக்கு ஒட்டும்.

குழுவுக்கு ஒரே ஒரு செல்போன். இது கண்டிப்பு. எல்லோர் கையிலும் போன் இருந்தால் ஒவ்வொருவரும் தனியாக நடப்பார்கள். ஒன்றே இருந்தால் அதைச் சுற்றித் தலைகள் கூடும், பேச்சு நடக்கும். போன் இல்லாத பிள்ளைக்கும் குறை தெரியாது.

ஐந்து வேலைகள்: படமெடுப்பவர், துப்பு படிப்பவர், குறிப்பு எழுதுபவர், நேரம் பார்ப்பவர், வழி கேட்பவர். மூன்று துப்புக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். வழி கேட்பவர் வேலை எல்லோருக்கும் ஒருமுறையாவது வரட்டும். "அண்ணா, இந்தத் தூண் எங்க இருக்கு?" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் மரியாதையாகக் கேட்பது பல பிள்ளைகளுக்கு முதல் அனுபவம். பள்ளிப் பிள்ளைகள் என்றால் குழுவோடு ஒரு ஆசிரியரோ பெற்றோரோ கட்டாயம் போக வேண்டும். ஆனால் அவர் விடை சொல்லக் கூடாது, சாலை கடக்கும்போது மட்டும் வாய் திறக்கலாம்.

படி 6: துப்பு எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். "ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தின் முன் படம் எடுக்கவும்" என்பது துப்பாகாது, கட்டளை. யோசிக்க எதுவுமில்லை. நம் ஊர் வழக்கமான விடுகதையைக் கையில் எடுங்கள். பாட்டி போட்ட விடுகதையில் வளர்ந்த பிள்ளைகள், டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

சில மாதிரிகள், அடைப்பில் விடை:

"தலை ஒன்று, மிருகம் இரண்டு. இந்தப் பக்கம் மறைத்தால் காளை, அந்தப் பக்கம் மறைத்தால் யானை." (கோயிலில் உள்ள ரிஷபகுஞ்சரச் சிற்பம்)

"தலைகீழாகத் தொங்குகிறோம், வௌவால் அல்ல. பச்சை நிறம் போய்விட்டது, அலகு மட்டும் இருக்கிறது. எங்களைப் பார்க்க நீங்கள்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்." (கல்யாண மண்டப விதானத்தில் உள்ள கல் கிளிகள்)

"கண்டியில் முடி சூடினேன், வேலூரில் மூச்சை விட்டேன். நான் சிறையிருந்த இடத்தின் பெயரிலேயே என் ஊர் இருக்கிறது." (கண்டி மஹால்)

"முள் உண்டு, ரோஜா இல்லை. தலையில் கிரீடம் உண்டு, ராஜா இல்லை. குழம்பில் விழுந்தால் ஊரே கூடும்." (மார்க்கெட்டில் முள்ளுக் கத்திரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்க் காய்.)

விடுகதையிலேயே நின்றுவிடாமல் வேறு வகைகளையும் கலக்க வேண்டும்.

*துண்டுப் படம்.* முன்நடையின்போது சிற்பங்களின் சின்னச் சின்னப் பகுதிகளை நெருக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்: யாளியின் கால்நகம், குதிரை வீரனின் கச்சை, கதவு ஆணி. அதைத் தாளில் அச்சிட்டு, "இது எதன் பகுதி? முழுவதையும் படமெடு" என்று கொடுங்கள். கல்யாண மண்டபத் தூண்கள் இதற்கென்றே செதுக்கியதைப் போல இருக்கின்றன. பிள்ளைகள் ஒவ்வொரு தூணாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். தேடும்போது கேட்காததையும் பார்த்துவிடுவார்கள், அதுதான் நமக்கு லாபம்.

*படிக்கும் துப்பு.* விடை ஒரு எண்ணாகவோ பெயராகவோ இருக்கும், பலகையையோ கல்லையோ வாசித்தால்தான் கிடைக்கும். லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போரைப் பற்றிய ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று அதில் இருக்கிறது. எண்ணை இங்கே நான் எழுதப்போவதில்லை, உங்கள் மாணவர்கள் போய்ப் படிக்கட்டும். அந்தக் கடைத்தெருவில் தினமும் நடக்கிறவர்களில் அதை நின்று படித்தவர்கள் குறைவு. தேவாலயம் கட்டிய ஆண்டு 1846. அதையும் நேராகக் கொடுக்காமல் "1806இலிருந்து எத்தனை ஆண்டு கழித்து?" என்று கேட்டால் ஒரு கணக்கும் சேரும்.

*உடம்பால் அளக்கும் துப்பு.* "வாசல் வழியில் மதிலின் கனம் எத்தனை ஆள்? கைகோத்து அளந்து படமெடு." "அடித்தளக் கல் ஒன்றின் பக்கத்தில் உங்கள் குழுவில் உயரமானவர் நிற்கட்டும்." பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரக் காலத்தில், சின்ன பொம்மி நாயக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கோட்டையின் கருங்கல் எவ்வளவு பெரிது என்பது புத்தகத்தில் படித்தால் புரியாது. சொந்தக் கையை விரித்துப் பார்த்தால் புரியும்.

*அன்றும் இன்றும்.* 19ஆம் நூற்றாண்டில் எடுத்த வேலூர்க் கோட்டைப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, அதே கோணத்தைக் கண்டுபிடித்து எடுக்கச் சொல்லுங்கள். எது காணாமல் போனது, எது புதிதாக வந்தது என்று எழுத வேண்டும். பெரிய வகுப்புகளுக்கு மிகவும் பிடித்த துப்பு இது.

அடுத்தது நான் எந்த வேட்டையிலும் விடாத இரண்டு சுற்றுகள்.

இல்லாதவை சுற்று

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (பட்டியல் இன்னும் நீளும், மற்றவை பிள்ளைகளுக்குத் தேவையில்லை.) ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரியைக் கொடுங்கள். வேலை: அந்த வரி உண்மை என்றோ பொய் என்றோ ஒரு படத்தால் நிரூபிக்க வேண்டும்.

சாமி இல்லாத கோயில் என்பது ஒரு காலத்தில் உண்மைதான். பல நூற்றாண்டுகளாக இங்கே பூஜை நடக்கவில்லை. 1981இல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள். அப்பாவோ தாத்தாவோ அதை நேரில் பார்த்திருக்கக்கூடிய வயதுக் கதை இது. வீட்டில் போய்க் கேட்டு வரச் சொன்னால் ஒரு நல்ல பேட்டி கிடைக்கும். இந்த வரிக்கு ஒரு குழு பூக்கடை வரிசையைப் படமெடுக்கலாம், இன்னொரு குழு தீபாராதனை முடிந்து வெளியே வரும் கூட்டத்தை எடுக்கலாம்.

ராஜா இல்லாத கோட்டை? 1815இல் கண்டியை ஆங்கிலேயர் பிடித்த பிறகு, அதன் கடைசி அரசர் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன் குடும்பத்தோடு இங்கேதான் சிறை வைக்கப்பட்டார். 1832இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அதற்கு முன்பு, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்ததும் திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இதே கோட்டையில்தான் வைத்தார்கள். அரியணை இல்லாத ராஜாக்கள் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு மாணவி மஹால் கதவைப் படமெடுத்து வாதம் செய்தால் முழு மார்க் கொடுக்கலாம்.

தண்ணீர் இல்லாத ஆறு பாலாறு. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆனால் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். பாலத்திலிருந்து எடுத்த இன்றைய படம் ஒன்று, வீட்டில் யார் போனிலாவது இருக்கும் 2021 படம் ஒன்று, இரண்டையும் சேர்த்து வைத்தாலே விடை. ஆற்றுக்குள் இறங்க அனுமதி கிடையாது, கரையிலிருந்து மட்டும்.

மரம் இல்லாத மலைக்கு எங்கும் போக வேண்டாம். மதில் மேல் நின்று கிழக்கே பார்த்தால் பாறை மலைகள் தெரியும். அவற்றின் உச்சியிலும் சின்னக் கோட்டைகள் உண்டு. மராத்தியர் 1678இல் வேலூரைப் பிடித்த கதையோடு சேர்ந்தவை அவை. மலையேற வேண்டாம், அந்த மலைக் கோட்டைகளின் மதிலைக் கண்ணால் கண்டுபிடித்துப் பெரிதாக்கி எடுத்தால் போதும்.

1806 சுற்று

இதற்கு மட்டும் துப்புகளை வரிசையாகத்தான் கொடுக்க வேண்டும். கதை வரிசையில் நடக்கிறது என்பதால் கலைத்துப் போட்டால் புரியாது. தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கதையைச் சொல்லிவிடுங்கள். நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று சென்னைப் படையின் சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. அந்தத் தலைப்பாகையில் தோல் வைத்திருந்தார்கள். எதிர்த்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 1806 ஜூலை 10 விடியும் முன்பே கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள், ஆங்கிலேயப் படையினரைத் தாக்கினார்கள், திப்புவின் கொடியை ஏற்றினார்கள். தகவல் ஆற்காட்டுக்குப் போனது, அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்தார். அன்று பகலுக்குள் கோட்டை மறுபடி ஆங்கிலேயர் கையில். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பிறகு திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆளுநர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது.

துப்புகள் இப்படிப் போகலாம். முதலில், "விடியலில் உங்கள் காவல் இடம் எது? மதிலின் உள்பக்கமிருந்து, வெளியிலிருந்து வருவது யார் என்று பார்க்கக்கூடிய இடத்தில் நின்று எடு." அடுத்து, "இப்போது நீ ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைக்காரன். அதே இடத்தை அகழிக்கு வெளியிலிருந்து எடு." இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அகழியும் மதிலும் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமலே விளங்கும். மூன்றாவது, "கொடி எங்கே ஏறியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்? அந்த இடத்தைக் காட்டு." இதற்கு ஒரே விடை கிடையாது, காரணம்தான் விடை. கடைசியாக நினைவுத்தூண். 2006இல் இருநூறாவது ஆண்டை ஒட்டி அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. "நீங்கள் ஒரு தபால்தலை வெளியிட்டால் எந்தக் கோணத்தில் எந்தப் படம்?" என்று கேட்டு இந்தச் சுற்றை முடிக்கலாம்.

இங்கே ஒரு வேண்டுகோள். இந்தச் சுற்றில் வேடிக்கைப் போஸ் வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். இரு பக்கமும் ஆட்கள் செத்த இடம். பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியும், அவர்களே அமைதியாகிவிடுவார்கள்.

மொத்தத்தில் எத்தனை துப்பு? அரை நாளுக்குப் பன்னிரண்டு, அதிகபட்சம் பதினைந்து. அதற்கு மேல் வைத்தால் ஓட்டப் பந்தயமாகிவிடும். எல்லாக் குழுவும் ஒரே இடத்தில் மோதாமல் இருக்க, ஒவ்வொரு தாளிலும் வரிசையை மாற்றிப் போடுங்கள். 1806 சுற்றை ஒரு குழு முதலில் செய்யட்டும், இன்னொன்று கடைசியில் செய்யட்டும்.

படி 7: விதிகள்

தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டு, தொடங்கும் முன் ஒரு பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

- படமெடுப்பவர் தவிர மற்ற நால்வரும் படத்தில் இருக்க வேண்டும். "ஆள் இல்லாமல்" என்று குறிப்பிட்ட துப்புக்கு மட்டும் விலக்கு.
- சிற்பத்தைத் தொடக் கூடாது, சாயக் கூடாது, மேலே ஏறக் கூடாது. கல்லில் கிறுக்கினால் குழுவே வெளியேறும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் சட்டத்தில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுங்கள்.
- அகழி விளிம்பிலும் மதில் கைப்பிடிச் சுவரிலும் உட்காரவோ நிற்கவோ கூடாது. செல்ஃபி எடுக்கும்போது பின்னால் நகரவே கூடாது.
- யாரையாவது படமெடுக்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும். "வேண்டாம்ப்பா" என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும். கும்பிடுகிறவர்களையும் தொழுகிறவர்களையும் ஜெபிக்கிறவர்களையும் எடுக்கவே கூடாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகள் அந்தத் தெருக்களில் நிறைய இருப்பார்கள், அவர்களையும்.
- கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், தேவாலயத்திலும் மசூதிப் பக்கத்திலும் சத்தம் கூடாது.
- ஓடக் கூடாது. ஓடிப் பிடிபட்டால் ஐந்து மார்க் குறையும்.

படி 8: படங்களை வாங்கிச் சேர்ப்பது

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்: குழுவின் போன், கூடப் போகும் பெரியவர், ஒருங்கிணைப்பாளர். எல்லாக் குழுவையும் ஒரே குரூப்பில் போட்டால் ஒருவர் விடையை மற்றவர் பார்த்துவிடுவார்கள். படத்தோடு துப்பு எண்ணும் இரண்டு வரிக் குறிப்பும் வர வேண்டும். பிறகு அச்சிடப் போகிறீர்கள் என்றால் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாது. சிக்னல் இல்லாவிட்டால் பதற வேண்டாம், முடிந்து வந்தபின் அனுப்பலாம். முந்தின இரவே சார்ஜ் முழுவதும் ஏற்றி, போனில் இடம் காலி செய்து வரச் சொல்ல மறக்காதீர்கள். குழுவுக்கு ஒரு பவர் பேங்க் இருந்தால் நல்லது.

படி 9: அன்றைய நாள்

எட்டு மணிக்குக் கோட்டை வாசலில் கூடுதல், தலை எண்ணுதல். எட்டேகாலுக்குக் கதை, விதிகள், ஒரு மாதிரித் துப்பை எல்லோரும் சேர்ந்து செய்து பார்த்தல். எட்டரைக்கு வேட்டை. பத்து மணிக்கு எல்லாக் குழுவும் குறித்த நிழலுக்கு வந்து தலை காட்ட வேண்டும்: மோர், பிஸ்கட், கழிப்பறை, மறுபடி தலை எண்ணுதல். பதினொன்றரைக்கு நிறுத்தம். அதன் பின் அருங்காட்சியகத்துக்குள் போகலாம். வெயிலுக்கு இதமாகவும் இருக்கும், காலையில் எழுந்த கேள்விகளுக்கு அங்கே விடையும் கிடைக்கும். வேட்டைக்கு முன்னால் அருங்காட்சியகம் கூட்டிப்போனால் பிள்ளைகள் கடமைக்கு நடப்பார்கள். பின்னால் போனால் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னும் நிற்பார்கள். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

ஒருங்கிணைப்பாளர் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், நகரக் கூடாது. முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தொப்பி, கூடுதல் தண்ணீர் அவரிடம் இருக்கட்டும். அவர் எண்ணைத் துப்புத் தாளின் தலையில் பெரிதாக அச்சிடுங்கள்.

படி 10: மார்க் போடுவது

ஒரு துப்புக்குப் பத்து மார்க். சரியான இடத்துக்கு 3, படத்தின் தெளிவுக்கும் கோணத்துக்கும் 2, எழுதிய இரண்டு வரிக்கு 5. எழுத்துக்குப் பாதி என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் அவசரப்படுகிற குழுவும் நிதானமாகும். "இது யாளி" என்றால் ஒன்று. "யாளியின் வாயில் இருப்பதையும் காலடியில் இருப்பதையும் பார்த்தோம், பக்கத்துத் தூணில் அது வேறு மாதிரி இருக்கிறது" என்றால் ஐந்து.

முதலில் முடித்தவருக்கு என்று தனி மார்க் கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். பரிசு ஒன்று மட்டும் வைக்காமல் நாலைந்து வையுங்கள்: நல்ல கேள்வி கேட்ட குழு, யாரும் கவனிக்காததைக் கண்ட குழு, மரியாதையாக நடந்த குழு. ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கினால் எல்லாக் குழுவுக்கும் ஆகும்.

படி 11: வேட்டைக்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் படங்களை அச்சிட்டுப் பள்ளிச் சுவரில் வையுங்கள். தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். ஒரு நீளமான சார்ட்டில் கோட்டையின் கைவரைபடத்தை மாணவர்களே வரையட்டும். ஒவ்வொரு படத்தையும் எடுத்த இடத்தில் ஒட்டி நூலால் இணைக்கலாம். ஒரே துப்புக்கு ஐந்து குழுக்கள் எடுத்த ஐந்து படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், பார்த்தது ஒன்று, தெரிந்தது ஐந்து என்று பிள்ளைகளே பேச ஆரம்பிப்பார்கள்.

கண்காட்சிக்குப் பெற்றோரைக் கூப்பிடுங்கள், விளக்கம் சொல்வது மாணவர் வேலை. படத்துக்கு நின்ற பூக்காரம்மாவுக்கும் கத்திரிக்காய்க் கடை அண்ணனுக்கும் ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதையும் வழி கேட்ட பிள்ளையே செய்யட்டும். அச்சு முடிந்ததும் வாட்ஸ்அப் குரூப்களைக் கலைத்து, தேவையில்லாத படங்களை அழித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான துப்புகளை இவர்களிடமே எழுதி வாங்குங்கள். குழுவுக்கு மூன்று, விடையோடு, ஒரு மூடிய கவரில். தங்கள் தம்பி தங்கைகள் திணற வேண்டும் என்பதற்காகவே மறுபடி கோட்டைக்குப் போய் இன்னும் நுணுக்கமாகப் பார்த்துவிட்டு வருவார்கள்.